ரீவி ஃபயர்பிளேசுக்கு மேலேயா, கண் மட்டத்திலா?

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. அதைத் திருத்தத் தொடங்கியபோது டிசைனர் தம்பி வரைந்து கொண்டுவந்த முதல் படத்திலேயே ஹோலில் ஒரு ஃபயர்பிளேஸ் இருந்தது. உண்மையான நெருப்பு இல்லை, எல்ஈடி வெளிச்சத்தில் சுவாலை ஆடும் மின்சாரப் பெட்டி. அதைச் சுற்றிச் சாம்பல் நிறக் கல் பதித்த சுவர், நாலரை அடி உயரத்தில் ஒரு மரத்தட்டு, தட்டுக்கு மேலே 55 அங்குல ரீவி. படம் நல்ல வடிவு. கனடாவில், ஸ்கார்புறோவில் சித்தியின் மகள் வீட்டிலும் இப்படித்தான். அவர்கள் அனுப்புகிற பிறந்தநாள் படம் எல்லாம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று எடுத்தவைதான். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

மற்ற யோசனை என் கணவருடையது. தாழ்வான ஒரு ஸ்டாண்ட், அதன்மேல் ரீவி, சுவர் வெறுமையாக. படமாகப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. கடைசியில் அதைத்தான் செய்தோம், இரண்டு வருடமாக அதோடுதான் இருக்கிறோம். இன்றைக்கு யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

சூட்டைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கொழும்பில் வருடம் முழுக்க 27 பாகை சுற்றிலும் வெக்கை. அந்தப் பெட்டியில் ஹீட்டர் இருந்தாலும் ஒருவரும் போடப்போவதில்லை, வெளிச்சம் மட்டும் எரிந்தால் ரீவிக்கு ஒரு கெடுதலும் இல்லை. உண்மையான விறகு நெருப்பு என்றால் கதை வேறு. ஒரு டிசம்பர் விடுமுறைக்கு நுவரெலியாவில் பழைய பங்களா ஒன்றில் தங்கினோம். 1,868 மீற்றர் உயரம், இரவில் போர்வைக்குள்ளும் கால் விறைக்கும். அங்கே யூக்கலிப்டஸ் விறகு எரிகிற அடுப்புக்கு நேர்மேலே ரீவி மாட்டியிருந்தார்கள். ஒரு மணித்தியாலம் எரிந்தபிறகு ரீவிக்குக் கீழே சுவரில் கையை வைத்தேன், இரண்டு நொடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. சாதாரண ரீவிகளை 40 பாகைக்கு உட்பட்ட இடத்தில்தான் பாவிக்கச் சொல்லி அதன் புத்தகத்திலேயே போட்டிருக்கும். மலைநாட்டில் வீடு கட்டுகிறவர்கள் இதை முதலில் யோசிக்கவேண்டும். எங்களுக்கு அது பிரச்சினையே இல்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது உயரம், உயரம் மட்டும்தான்.

தம்பியின் படத்தில் ரீவி எவ்வளவு மேலே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அந்தப் படத்தை வரையும்போது ஆள் எழும்பி நிற்கிற உயரத்திலிருந்துதான் வரைகிறார்கள். ரீவி பார்க்கிறவர் செற்றியில் இருக்கிறார். ஆகவே நான் அளவு நாடாவை எடுத்தேன். செற்றியில் சாய்ந்து இருக்கும்போது என் கண் தரையிலிருந்து 40 அங்குலம், அம்மாவுடையது 38. மரத்தட்டு 54 அங்குலம், ரீவிக்கும் தட்டுக்கும் நடுவே 4 அங்குலம் விட்டால் ரீவியின் அடி 58. 55 அங்குல ரீவியின் உயரம் ஏறக்குறைய 27 அங்குலம். அப்படியென்றால் திரையின் நடு ஆறடிக்குக் கிட்ட, மேல் விளிம்பு ஏழடி தாண்டி. எங்கள் செற்றியிலிருந்து சுவர் 9 அடி. கணக்குப் போட்டால் திரையின் நடுவைப் பார்க்கவே 16 பாகை மேலே பார்க்கவேண்டும், மேல் விளிம்புக்கு 22 பாகைக்கு மேல். 15 பாகையைத் தாண்டக்கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் வரம்பு.

கணக்கு ஒருபக்கம் இருக்கட்டும் என்று, ரீவி வந்த பெட்டியின் அட்டையைத் திரையின் அளவுக்கு வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் அந்த உயரத்திலேயே ஒட்டினோம். பழைய சின்ன ரீவியை அதே மட்டத்தில் அலுமாரிக்கு மேல் ஏற்றிவைத்து ஒரு கிழமை பார்த்தோம். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் இரவு, எட்டு மணிச் செய்தி முடிவதற்குள் அம்மா பிடரியைத் தடவத் தொடங்கினார். "பிள்ளை, இதைப் பார்த்து முடிய எனக்குக் கழுத்து உளையுது. கோயில் கோபுரம் பார்க்கிற மாதிரி இருக்கு." அவருக்குக் கழுத்தெலும்புத் தேய்வு இருக்கிறது, அண்ணாந்து பார்ப்பதைக் குறைக்கச் சொல்லி டொக்டரும் சொல்லியிருந்தார். எனக்கு வந்தது வேறு தொந்தரவு, கண் எரிவு. அண்ணாந்து பார்க்கும்போது இமை கூடுதலாகத் திறந்திருக்கும், கண்ணீர் கெதியாகக் காய்ந்துவிடும். மேலே ஃபானும் சுற்றினால் கேட்கவே வேண்டாம்.

சரிவாக மாட்டுகிற பிராக்கெட் போட்டால் சரியாகிவிடும் என்று தம்பி சொன்னார். அதில் பாதிதான் உண்மை. திரையை முன்னுக்குச் சரித்தால் நிறம் வெளிறுவது குறையும், யன்னல் வெளிச்சம் திரையில் தெரிவதும் குறையும். ஆனால் திரை அதே உயரத்தில்தான் நிற்கிறது, கழுத்துக்கு ஒரு அங்குலமும் மிச்சமில்லை. வேண்டும்போது கீழே இழுத்துவிடக்கூடிய பிராக்கெட்டும் இருக்கிறது. அதை நாங்கள் பாவித்ததில்லை, ஆகவே அதைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்லமாட்டேன்.

இப்போது எங்கள் ஸ்டாண்ட் 20 அங்குலம். ரீவியின் காலோடு சேர்த்துத் திரையின் நடு 36, 37 அங்குலத்தில் வருகிறது, கண்ணுக்குச் சற்றுக் கீழே. யோசித்துப் பார்த்தால் 1982இல் ரூபவாஹினி தொடங்கிய காலத்து வீடுகளில், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸின் நடுத்தட்டில் ரீவி இருந்ததும் இதே மட்டத்தில்தான். அந்தப் பெரிய பெட்டி ரீவிகளைச் சுவரில் தூக்கிவைக்கவே முடியாது. மெல்லிய ரீவி வந்தபிறகுதான் அது மேலே ஏறியது.

உயர்த்தி வைப்பதில் நல்லதே இல்லை என்று சொன்னால் பொய். கிரிக்கெட் மட்ச் என்று சொந்தக்காரர் எல்லாம் வந்து தரையில் பாய் போட்டு இருக்கும்போது, தாழ்வான ரீவியைப் பின்னால் இருக்கிறவர்களுக்கு முன்னால் இருக்கிறவர்களின் தலை மறைக்கிறது. குசினியில் நின்று சமைக்கிறவருக்கும் மேலே இருப்பதுதான் வசதி. படுத்துக்கொண்டு பார்க்கிற அறையென்றால் நானே மேலே மாட்டச் சொல்வேன். செற்றிக்கும் சுவருக்கும் இடையில் 12 அடிக்கு மேல் இருந்தால் அதே உயரம் 12 பாகை அளவில்தான் வரும், அவர்கள் தாராளமாக ஃபயர்பிளேஸ் கட்டலாம். கொழும்புத் தொடர்மாடிகளில் அப்படி ஹோல் கிடைப்பது அபூர்வம்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தாழ்வான ரீவி கவனம். ரீவியின் பின்னால் பிராக்கெட்டுக்கென்று இருக்கும் நாலு ஓட்டைகளில் ஒரு பட்டியைப் பூட்டி, மறுமுனையைச் சுவரில் இறுக்கியிருக்கிறோம். மகன் பிடித்து இழுத்தாலும் சாயாது. இதைச் செய்யாமல் ஸ்டாண்டில் வைக்கவே கூடாது.

பராமரிப்பிலும் தாழ்வுக்குத்தான் என் வாக்கு. உப்புக்காற்று எங்கள் வீட்டில் எதையும் விட்டுவைக்காது, யன்னல் கொளுக்கிகூட வருடத்தில் துருப்பிடிக்கும். எச்டிஎம்ஐ வயரின் முனை ஒருமுறை பச்சை பிடித்துப் படம் விட்டுவிட்டு வந்தது. நான் ஸ்டாண்டை ஒரு பக்கம் நகர்த்தி, கழற்றி, புது வயர் போட்டேன், ஐந்து நிமிட வேலை. கல் பதித்த சுவருக்குள் வயரைப் புதைத்து ரீவியையும் மேலே மாட்டியிருந்தால் ஏணியும் இரண்டு ஆளும் வேண்டும், குழாய் வைக்காமல் புதைத்திருந்தால் கல்லையும் உடைக்கவேண்டும்.

செலவைப் பற்றி ஒரே வரி: தச்சு பாஸ் செய்து தந்த ஸ்டாண்டுக்குப் போன காசைப்போல் மூன்று மடங்கு அந்தச் சுவருக்குக் கேட்டார்கள். அந்தச் சுவர் வீட்டை விற்கும்போது விலையைக் கூட்டும் என்றும் சொன்னார்கள். நாங்கள் விற்கிற நோக்கத்தில் வாங்கவில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்யுங்கள். கரன்ட் வேலை செய்கிறவர் சுவரில் பிளக்குக்குப் புள்ளி போடமுதல் ரீவியின் உயரத்தை முடிவெடுங்கள். எங்கள் வீட்டில் முந்தின சொந்தக்காரர் ஐந்தடி உயரத்தில் 13 அம்பியர் பிளக் வைத்திருந்தார், அதைக் கீழே இறக்கச் சுவரை வெட்டிப் பூசி, அந்த முழுச் சுவருக்கும் திரும்பப் பெயின்ற் அடிக்கவேண்டி வந்தது. பிளக் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ரீவியும் போகும்.

வெறுமையாக இருந்த சுவரில் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் எடுத்த கலியாணப் படம் தொங்குகிறது. அந்த அட்டை இன்னும் அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது. போன கிழமை மேல்மாடி அக்கா, புது வீட்டு ஹோலில் ஒட்டிப் பார்க்க வேண்டுமென்று மாஸ்கிங் டேப்போடு சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்.