விபி6-இல் இருப்பதா, டெல்பிக்குப் போவதா? மொரீஷியஸ் பில்லிங் மென்பொருள்களை முன்வைத்து

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. போர்ட் லூயிஸ் மொத்த வியாபாரக் கடை முதல் ரோஸ் ஹில் கோவில் அலுவலகம் வரை பழைய கணினிகளை மாற்றும்போது ஒரே கேள்விதான் வருகிறது. இருபது ஆண்டுகளாக ஓடும், விஷுவல் பேசிக் 6 (விபி6) நிரல்மொழியில் எழுதிய மென்பொருளை அப்படியே விட்டுவிடலாமா, இல்லை வேறொன்றில் எழுதலாமா? நாங்கள் எடுத்த முடிவு டெல்பி என்னும் நிரலாக்கக் கருவி. முதலில் விபி6-க்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

விபி6-இல் உருவான எக்ஸ்இ (இயங்கும் நிரல் கோப்பு) விண்டோஸ் 11-இலும் ஓடும். அது ஓடத் தேவையான அடிப்படை ரன்டைம் கோப்புகள் விண்டோஸோடே வருகின்றன; ஆதரவிலுள்ள விண்டோஸ் பதிப்புகளில் அவை இயங்கும் என்று மைக்ரோசாஃப்ட் எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறது. வேகம், நிலைத்தன்மை இரண்டிலும் குறையில்லை. ஆனால் அந்த உறுதி ரன்டைமுக்கு மட்டும். நிரலை எழுதித் திருத்தும் ஐடிஇ-க்கான ஆதரவு 2008 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டது. “ஆதரவு உண்டு” என்று ஒருவர் சொன்னால், ஓடுவதற்கா, திருத்துவதற்கா என்று கேட்க வேண்டும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதுதான்: மூலநிரலை மட்டும் வைத்துக்கொண்டு, வெறும் புதிய கணினியில் அதே எக்ஸ்இ-யை மறுபடி உருவாக்க முடியுமா? விபி6-இல் இங்கேதான் ஒவ்வொன்றாகக் கழல்கிறது. ஐடிஇ-யை நிறுவும்போது தரவு அணுகல் பகுதியை நீக்கிவிட்டு நிறுவுவது போன்ற கைவேலைகள் வேண்டும். படிவத்தில் போட்ட கிரிட், காலண்டர் எல்லாம் ஓசிஎக்ஸ் என்னும் தனிக் கூறு கோப்புகள். 64-பிட் விண்டோஸில் அவற்றை சிஸ்வாவ்64 கோப்புறையிலுள்ள ரெக்எஸ்விஆர்32 என்னும் பதிவுக் கருவி கொண்டு பதிவுசெய்ய வேண்டும். அவற்றை விற்ற நிறுவனம் மூடிவிட்டால் வடிவமைப்பு உரிமக் கோப்பு கிடைக்காது, படிவமே திறக்காது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. எழுத்துத் தொடரின் வடிவத்தைச் சோதிக்கும் ரெக்எக்ஸ்பி-யைப் பயன்படுத்தும் விபி6 நிரல்கள், விபிஸ்கிரிப்ட் என்னும் பழைய விண்டோஸ் நிரல்மொழியின் டிஎல்எல்-ஐ (நூலகக் கோப்பு) நம்பி நிற்கின்றன. விபிஸ்கிரிப்ட் கைவிடப்படும் என்று 2023-லேயே அறிவித்துவிட்டார்கள். விண்டோஸ் 11 24எச்2-வில் அது இயல்பாக இருந்தாலும் நீக்கிவிடக்கூடிய கூறாக மாறிவிட்டது. ரன்டைமுக்கு உறுதி இருந்தும், பக்கத்திலிருக்கும் டிஎல்எல் போய்விட்டால் வாட் வரி எண்ணைச் சரிபார்க்கும் வரியில் நிரல் விழுந்துவிடும்.

திருத்தவே வேண்டாம் என்றால் இவ்வளவும் தேவையில்லை. ஆனால் மொரீஷியஸ் வருவாய் ஆணையமான எம்ஆர்ஏ-வின் மின்-விலைப்பட்டியல் திட்டம் 2024-இல் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிக் கட்டம் கட்டமாக விரிகிறது. ஒவ்வொரு பில்லும் ஜேசன் என்னும் தரவு வடிவில் எம்ஆர்ஏ-வுக்குப் போய், குறிப்பு எண்ணும் கியூஆர் குறியும் வாங்கி வர வேண்டும். விபி6-இலும் இதைச் செய்யலாம்: இணையத்தில் தரவு அனுப்பும் வின்எச்டிடிபி பொருளில் டிஎல்எஸ் 1.2 பாதுகாப்பு நெறிமுறையை வெளிப்படையாகத் தேர்ந்து, ஜேசனுக்கு வெளி வகுப்பு சேர்த்து, மறைகுறியாக்கத்துக்கு விண்டோஸின் சொந்தச் செயற்கூறுகளை (ஏபிஐ) நேரடியாக அழைக்கலாம். செய்து முடித்த பிறகு அதைப் பராமரிக்கப் போவது யார்?

டெல்பியின் வரலாறும் சீரானதல்ல. போர்லாண்டிடமிருந்து 2008-இல் எம்பார்காடெரோவுக்கு, 2015-இல் ஐடெராவுக்குக் கை மாறியது. ஆனாலும் புதிய பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2025-இல் 13-ஆம் பதிப்பு வந்தது. விசிஎல் என்னும் அதன் திரைக்கூறு நூலகத்தில் செய்த பழைய படிவங்கள் இன்றும் திறக்கின்றன. 2011 முதல் 64-பிட் எக்ஸ்இ-யும் உண்டு. விலைதான் சுமை. இலவச கம்யூனிட்டி பதிப்புக்கு ஆண்டு வருமானம் 5000 டாலரைத் தாண்டக்கூடாது. புரொபஷனல் பதிப்பில், தரவுத்தள இணைப்பு நூலகமான ஃபயர்டாக் உள்ளூர் தரவுத்தளத்தோடு நின்றுவிடும். தனி சர்வரோடு இணைக்க என்டர்பிரைஸ் வாங்க வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் வாங்குபவர்கள் உண்டு.

டெல்பி 7 என்னும் பழைய பதிப்பிலிருந்து வருவோர் இடறும் இடம் யூனிகோட். 2009 பதிப்பிலிருந்து ஓர் எழுத்துக்கு இரண்டு பைட். நினைவகத்தை நகலெடுக்கும் மூவ், நிரப்பும் ஃபில்சார் அழைப்புகளில் நீளத்தை அப்படியே கொடுத்திருந்தால் பாதிதான் நகலாகும். ஓர் எழுத்தின் பைட் அளவைத் தரும் சைஸ்ஆஃப் கொண்டு பெருக்க வேண்டும். கம்பைலர் எச்சரிக்காது, தரவு சிதைந்த பிறகே தெரியும். கோப்பில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறை) என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பழைய தரவுத்தள இணைப்பான பிடிஇ-யைத் தூக்கிவிட்டு ஃபயர்டாக்குக்கு மாறுங்கள். எம்ஆர்ஏ இணைப்புக்கு இண்டி என்னும் பிணைய நூலகத்தை எடுக்காதீர்கள். அதன் வழக்கமான கூறுகள் ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2 என்னும் பாதுகாப்பு நூலகத்தைக் கேட்கும், அதன் ஆதரவு 2019-லேயே முடிந்தது. உள்ளமைந்த டிஎச்டிடிபிகிளையண்ட் விண்டோஸின் டிஎல்எஸ்-ஐயே பயன்படுத்தும், கூட எந்த டிஎல்எல்-உம் அனுப்ப வேண்டாம். ஏஇஎஸ் மறைகுறியாக்க முறை டெல்பி நூலகத்தில் இல்லை. அதற்கு விண்டோஸின் பிகிரிப்ட் அழைப்புகள் போதும்.

தமிழில் ரசீது அடிக்கும் கோவில்களுக்கு இந்த மாற்றம் இன்னும் முக்கியம். விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி (யூனிகோடுக்கு முந்தைய எழுத்துக் குறியீட்டு முறை) குறியீட்டுப் பக்கமே கிடையாது. விபி6 கட்டுப்பாடுகளோ ஆன்சி. அதனால்தான் யூனிகோட் தமிழ் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிகிறது. பாமினி, டிஸ்கி எழுத்துருக்களை வைத்துச் சமாளித்தார்கள். அந்தத் தரவை மாற்றும்போது கவனம் தேவை. அவற்றில் கொம்பு மெய்க்கு முன்னால் பதிந்திருக்கும், யூனிகோடில் பின்னால் வரும். எனவே முதலில் ‘கொ’, ‘கோ’ போன்ற நீண்ட கூட்டுகளை மாற்றுங்கள், பிறகே ‘கெ’, ‘கே’. வரிசை தவறினால் நன்கொடையாளர் பெயர்களில் தனிக் கால்கள் மிஞ்சும்.

டெல்பியைப் போன்ற லாசரஸ் கருவி இலவசம், மூலநிரலும் கையில் இருக்கும். டெல்பி படிவங்களை மாற்றும் கருவியும் உண்டு. சிறிய கோவில் ரசீது நிரலுக்கு அதையே பரிந்துரைப்பேன். பெரிய அறிக்கைகள் நிறைந்த மென்பொருளில் எங்களுக்கு அனுபவம் குறைவு, அதனால் அங்கே அழுத்திச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அதில் சரம் யுடிஎஃப்-8. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் பைட் கணக்கில் 15 என்று வரும், டெல்பியில் குறியீட்டுக் கணக்கில் 5. திரையில் நாம் காண்பதோ 3 எழுத்து. ரசீதில் பத்திகளை நேராக்க இரண்டிலுமே நீளத்தை நம்பாமல், வரையும் பரப்பான கேன்வாஸின் டெக்ஸ்ட்விட்த் கொண்டு அகலத்தை அளந்து அச்சிடுங்கள்.