ஸ்டாக் போட்டோவா, சொந்த முகமா?

தொழிலுக்கென்று இணையதளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த உறுத்தல் வந்துவிடும். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே ஆள் இருக்கிற மாதிரியே தெரியவில்லையே என்று. சரி, எதைச் சேர்ப்பது?

முதல் போட்டி படத்தில். ஸ்டாக் போட்டோ, அதாவது யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று முன்பே எடுத்து வைத்த படம், பளிச்சென்று இருக்கும், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அதைப் பயன்படுத்த நீங்கள் வாங்கும் உரிமை பொதுவாக உங்களுக்கு மட்டுமானதல்ல. காதில் ஹெட்செட் மாட்டிச் சிரிக்கும் அதே பெண் நாளைக்கு உங்கள் போட்டியாளரின் தளத்திலும் சிரிப்பார். இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேகப் நீல்சன் 2010-இல் வெளியிட்ட, பார்வை பக்கத்தில் எங்கே போகிறது என்று அளக்கும் ஆய்வில், அலங்காரத்துக்கு வைத்த படங்களை மக்கள் கண்டுகொள்ளவே இல்லை, நிஜ ஊழியர்களின் படங்களையோ நின்று பார்த்தார்கள். அறிமுகப் பக்கம் ஒன்றில் எழுத்து பல மடங்கு இடம் பிடித்திருந்தும் முகங்களுக்குத்தான் கூடுதல் நேரம் போனது. அதனால் ஜன்னல் வெளிச்சத்தில், வேலை செய்யும் இடத்திலேயே, மொபைலில் எடுத்த சுமாரான படத்துக்குத்தான் என் ஓட்டு. ஒன்று மட்டும், எடுத்ததை அப்படியே ஏற்றாமல் சுருக்கி, வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவில் போடுங்கள். முக்கியமான உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் திரைக்கு வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

அப்படியென்றால் வீடியோ இன்னும் நல்லதுதானே என்பார்கள். எனக்கு அதில் பாதி மனசுதான். 2018-லிருந்து குரோம் உலாவி, ஒலியோடு தானாக ஓடும் வீடியோக்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது, ஆகவே உங்கள் அன்பான வணக்கம் வெறும் வாயசைப்பாகத்தான் தெரியும். வசனத்தைத் திரையில் எழுத்தாகவும் போட வேண்டும். அப்புறம் ஒரு சேவையை நிறுத்தினால் மறுபடியும் கேமரா முன்னால் நிற்க வேண்டும், எழுத்து என்றால் இரண்டு நிமிடத் திருத்தம். கைவேலையைக் காட்டுவதென்றால் மட்டும் வீடியோவை மிஞ்ச எதுவும் இல்லை.

எழுத்தில் 'நான்' என்பதா, 'நாங்கள்' என்பதா? தனி ஆளாக நடத்திக்கொண்டு 'எங்கள் அனுபவமிக்க குழு' என்று எழுதுவது போன் எடுத்ததும் வெளுத்துவிடும். 'வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள்' என்பதைப் போட்டியாளரின் தளத்தில் ஒட்டிப் பாருங்கள், அங்கேயும் கச்சிதமாகப் பொருந்தும். எந்த வேலையை எடுக்க மாட்டீர்கள், ஏன் என்று இரண்டு வரி எழுதினால் அது வேறு யாருக்கும் பொருந்தாது.

கடைசியாக சாட்பாட், அதாவது தளத்தில் தானாகப் பதில் சொல்லும் நிரல். நள்ளிரவில் ஆர்டர் எங்கே இருக்கிறது என்று சொல்ல அது போதும், அதற்கு மேல் ஒரு மனிதப் பெயரும் புகைப்படமும் மாட்டுவதுதான் எனக்குப் பிடிக்காதது. 1966-இல் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் வெளியுலகுக்கு அறிமுகப்படுத்திய எலைசா என்ற எளிய நிரலிடமே மக்கள் மனம்விட்டுப் பேசினார்கள், ஏமாற்றுவது அவ்வளவு சுலபம். ஏமாந்தது தெரியவந்த பிறகு உங்கள் சொந்தப் படத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். பாட் என்றால் பாட் என்றே எழுதிவிட்டு, பக்கத்திலேயே பதில் போடும் ஆளின் பெயரையும் மின்னஞ்சலையும் கொடுக்கலாம். பதில் வர இரண்டு நாள் ஆகுமென்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.