வெனிஸில் நடையா, படகா?

சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தின் படிகளில் இறங்கினால் நேராகத் தண்ணீர்தான். காரும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. இடது பக்கம் கடைத்தெரு வழியாக ஊருக்குள் நடக்கலாம். எதிரே மிதக்கும் படகுத்துறையில் ஏறலாம். எது சரி என்பது கையில் பெட்டி இருக்கிறதா, எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் காசுக் கணக்கு. வப்போரெட்டோ என்பது துறைக்குத் துறை நின்று போகும் பொதுப் படகு, வெனிஸுக்கு டவுன் பஸ் மாதிரி. ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி நேர பாஸ் 25 யூரோ, 48 மணிக்கு 35, 72 மணிக்கு 45. மூன்று தடவை தனித்தனி டிக்கெட் எடுத்தால் 28.50 ஆகிவிடும். அதனால் மூன்று பயணம் உறுதி என்றால் பாஸ் எடுங்கள், இரண்டோடு நிற்கும் என்றால் வேண்டாம். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரே ஒரு பயணமே 38 யூரோ என்பதால், "கால் வலிக்கிறது, படகில் போய்விடலாம்" என்ற முடிவைக் கொஞ்சம் யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

நேரத்திலாவது படகு ஜெயிக்கிறதா? நிலையத்திலிருந்து ஊரின் முக்கியச் சதுக்கமான சான் மார்கோவுக்கு லைன் 1 படகு முக்கால் மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட எடுத்துக்கொள்ளும். இந்தக் கரை, அந்தக் கரை என்று மாறி மாறி ஒதுங்கி எல்லாத் துறையிலும் நின்று போகிறது. நடந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். லைன் 2 குறைவான இடங்களில் நிற்பதால் வேகம், ஆனால் கூட்டம் அதிகம். ஆக, ஊருக்குள் சுற்ற என் ஓட்டு நடைக்குத்தான்.

நடக்கும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெனிஸில் வீட்டு எண் தெருவாரியாக வராது. ஊர் ஆறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொரு பகுதி முழுவதற்கும் ஒரே வரிசை எண். கன்னரேஜோ பகுதியில் எண்கள் ஆயிரக்கணக்கில் ஓடும். அதனால் விடுதியின் முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். பக்கத்துப் படகுத்துறையின் பெயரையும் பாலத்தின் பெயரையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் சந்துகளில் போனின் நீலப்புள்ளி தடுமாறும். அப்போது தலையை உயர்த்திச் சுவரைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் 'பெர் ரியால்டோ' (ரியால்டோ பாலத்துக்கு), 'பெர் சான் மார்கோ' (சான் மார்கோவுக்கு) என்று அம்புக்குறி இருக்கும். ரயில் நிலையத்துக்கு 'ஃபெரோவியா'. இந்த மூன்று சொல் போதும், தொலைந்துபோனாலும் திரும்பிவிடலாம்.

நடைக்கு உள்ள பெரிய இடைஞ்சல் ஊரின் நடுவே ஓடும் பெரிய கால்வாயான கிராண்ட் கால்வாய். ஊரில் 400க்கு மேல் பாலங்கள் இருந்தாலும் இந்தக் கால்வாயின் குறுக்கே நான்குதான். அக்கரைக் கட்டடம் கண்ணெதிரே இருக்கும், பாலத்தைச் சுற்றிப் போவதற்குள் கால் மணி நேரம் போய்விடும். அதற்குத்தான் டிராகெட்டோ. வெனிஸின் நீளமான துடுப்புப் படகான கொண்டோலா வகைதான், இரண்டு பேர் துடுப்பு போடுவார்கள். 2 யூரோ கையில் கொடுத்தால் அக்கரை. ஏறும்போது படகு பக்கவாட்டில் சாயும். படகோட்டி உங்கள் முழங்கையைப் பிடித்து உள்ளே நிறுத்துவார். சாந்தா சோஃபியா துறையில் ஏறினால் இறங்குகிற இடம் ரியால்டோ மீன் சந்தை. காலையில் போனால் சந்தையும் பார்த்த மாதிரி ஆகும். சாயங்காலம் வரை காத்திருக்காதீர்கள், சேவை முடிந்துவிடும்.

சரி, கொண்டோலா? அரை மணிக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்குப் பிறகு 110. இது ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம். ஐந்து பேராகப் பகிர்ந்தால் தாராளமாகப் போகலாம். ஏறுவதற்கு முன் வழியைக் கேளுங்கள். கிராண்ட் கால்வாயில் வப்போரெட்டோ அலைக்கு நடுவே ஆடிக்கொண்டிருப்பதைவிட உட்கால்வாய்கள்தான் சுகம், துடுப்புச் சத்தம் காதில் விழும். காசு கட்டுப்படியாகவில்லை என்றால் சான் ட்ரொவாசோ கால்வாய்க் கரைக்குப் போங்கள். எதிர்க்கரையில் பழைய கொண்டோலா பட்டறை இருக்கிறது. கவிழ்த்து வைத்த படகை இங்கிருந்தே பார்க்கலாம். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட அகலம். வலப்பக்கம் ஒரே துடுப்பு போட்டும் படகு நேராகப் போவது அந்தக் கோணலால்தான்.

பெட்டி இருந்தால் மட்டும் என் கணக்கு மாறும். ஒவ்வொரு பாலத்துக்கும் ஏறுபடி, இறங்குபடி. இருபது கிலோவைத் தூக்கிக்கொண்டு நாலு பாலம் ஏறி இறங்கியவர்களுக்கு 9.50 யூரோவின் அருமை தெரியும். வந்து இறங்கும் அன்று ஒற்றை டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

பாஸை எப்போது தொடங்குவது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. படகுத்துறையில் இருக்கும் மெஷினில் முதன்முதலில் காட்டுகிற நிமிடத்திலிருந்துதான் 24 மணி நேரம் ஓடுகிறது. மாலை 5 மணிக்குத் தொடங்கி, விளக்கு ஏற்றும் நேரத்தில் லைன் 1-இல் கால்வாயை முழுக்கப் பாருங்கள். மறுநாள் காலை ஃபொந்தமென்தே நோவே துறையிலிருந்து லைன் 12 பிடித்தால் முரானோ, புரானோ தீவுகள் இரண்டும் அதே பாஸில் முடிந்துவிடும். பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் மெஷினில் காட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும், மறந்தால் அபராதம். விமான நிலையம் போகும் அலிலகுனா படகுக்கு இந்த பாஸ் செல்லாது.

பாஸில் நேரம் மிச்சமிருந்தால் இன்னொன்று. உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க எல்லாரும் சான் மார்கோ மணிக்கோபுரத்தில் வரிசை கட்டுகிறார்கள். 1902-இல் இடிந்து விழுந்து, 1912-இல் அதே இடத்தில் அதே உருவில் எழுந்த கோபுரம் அது. ஆனால் அதன்மேல் நின்றால் அந்தக் கோபுரத்தையே பார்க்க முடியாதே. சதுக்கத்துக்குப் பக்கத்துப் படகுத்துறையான சான் சக்கரியாவிலிருந்து லைன் 2-இல் ஒரே நிறுத்தம் தள்ளி சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தீவு. அங்குள்ள கோபுரத்திலும் லிஃப்ட் உண்டு, கூட்டம் குறைவு, சதுக்கம் முழுதும் எதிரே விரிந்து கிடக்கும். மணி அடிக்கும் நேரத்தில் மேலே இருந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள், மணிகள் பக்கத்திலேயே தொங்குகின்றன.