நியூயார்க் சுரங்க ரயில்: நிலைய வாரிப் பயணிகள் தரவுச் சேவை ஒரு மதிப்பீடு

ஒரு நகரத்தின் சுரங்க ரயில் நிலையங்களில் மிகுந்த நெரிசல் எங்கே என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் விடை கிடைத்துவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். நியூயார்க்கைப் பொறுத்தவரை அந்த விடை பல ஆண்டுகளாக மாறவில்லை; டைம்ஸ் ஸ்கொயர்தான் பட்டியலின் தலையில் நிற்கிறது. ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதில் யார் சேர்கிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்று தேடத் தொடங்கினால் பட்டியலைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. அந்நகரின் சுரங்க ரயில்களை நடத்தும் பெருநகரப் போக்குவரத்து ஆணையம், சுருக்கமாக எம்.டி.ஏ., நிலைய வாரியான எண்ணிக்கைகளை யாரும் இலவசமாக எடுத்தாளும்படி வெளியிடுகிறது. நிலையங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அந்தச் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். இவ்வகைச் சேவைகளில் இதுவே தலைசிறந்தது என்பது என் துணிபு. அதே வேளையில், அதில் பெரும்பாலோர் பார்ப்பது ஆண்டுப் பட்டியலை மட்டுமே என்பதும், ஒப்பீட்டுக்கு மிகக் குறைவாக உதவுவதும் அந்தப் பட்டியலே என்பதும் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகின்றன.

ஆண்டுப் பட்டியல் பார்வைக்கு எளிமையானது. ஒவ்வொரு நிலையத்துக்கும் சராசரி வேலைநாள் எண்ணிக்கை, வார இறுதி எண்ணிக்கை, ஆண்டு மொத்தம், தரவரிசை ஆகியவை முந்தைய ஆண்டுகளின் எண்களுக்கு அருகிலேயே தரப்பட்டிருக்கும். 2019இல் டைம்ஸ் ஸ்கொயரில் ஏறத்தாழ 6.5 கோடிப் பேர் நுழைந்ததாக அது சொல்கிறது. இங்கே முதலில் கவனிக்க வேண்டியது, அது ஒரு நிலையத்தின் எண் அன்று என்பதே. டைம்ஸ் ஸ்கொயர் நிலையங்களும் எட்டாவது அவென்யூவில் உள்ள போர்ட் அத்தாரிட்டி பேருந்து முனைய நிலையமும் நிலத்தடி நடைபாதைகளால் இணைக்கப்பட்ட ஒரே தொகுதியாக எண்ணப்படுகின்றன. நியூயார்க்கில் மொத்தம் 472 நிலையங்கள் என்று சொல்லும் அதே ஆணையம், இணைந்தவற்றை ஒன்றாகக் கொண்டால் 420க்குச் சற்று மேல்தான் என்றும் சொல்கிறது. ஆகவே தனித்து நிற்கும் ஒரு சிறு நிலையத்தையும் நான்கைந்து நிலையங்கள் கைகோத்த ஒரு தொகுதியையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இது பெரிது அது சிறிது என்று சொல்வதில் பொருள் குறைவு.

அடுத்தது இன்னும் முக்கியமானது. நியூயார்க்கில் பயணக் கட்டணம் தொலைவைப் பொறுத்ததன்று. உள்ளே நுழையும்போது ஒருமுறை அட்டையைத் தொட்டால் போதும், வெளியேறும்போது எதையும் தொட வேண்டியதில்லை. எனவே இந்தப் பட்டியல் தரும் எண் முழுக்க முழுக்க நுழைவோரின் எண்ணிக்கை. ஒரு வண்டியிலிருந்து இறங்கி உள்ளேயே மற்றொன்றுக்கு மாறுகிறவர் கணக்கில் வரவே மாட்டார். நகரின் குயின்ஸ் பகுதியில் ஜமைக்கா விரிகுடாவின் நடுவே இருக்கும் பிராட் சேனல் நிலையம் இதற்குச் சரியான சான்று. பட்டியலின் கடைசி வரிகளில் அதைக் காணலாம். அந்தச் சிற்றூரில் ரயில் ஏறுகிறவர்கள் சிலரே என்பது உண்மைதான். ஆனால் ராக்அவே பார்க் பக்கத்திலிருந்து இணைப்பு ரயிலில் வருபவர்கள் ஏ வழித்தட வண்டிக்கு மாறுவது அந்த நடைமேடையில்தான். நின்று காத்திருக்கும் அத்தனை பேரும் பட்டியலைப் பொறுத்தவரை அங்கே இல்லாதவர்கள். ஜி, ஈ, 7 உள்ளிட்ட வழித்தடங்கள் சந்திக்கும் கோர்ட் ஸ்கொயருக்கும் இதே நிலைதான். அங்குள்ள படிக்கட்டுகளின் நெரிசலை அதன் எண்ணிலிருந்து ஊகிக்க முடியாது.

கட்டணம் செலுத்தாமல் வாயிலைத் தாண்டிச் செல்பவர்களும் இந்த எண்ணுக்கு வெளியே நிற்கிறார்கள். 2024இல் ஆணையத்தின் சொந்த மதிப்பீடுகளே அவர்களைப் பயணிகளில் பத்தில் ஒருவருக்கும் மேல் என்று கூறின. உயரம் 44 அங்குலத்துக்குள் இருக்கும் குழந்தைகள் இலவசமாகச் செல்வதால் அவர்களும் சேர்வதில்லை. இத்தகையோரின் விகிதம் எல்லா நிலையங்களிலும் ஒன்றுபோல இருந்தால் ஒப்பீடு கெடாது. ஆனால் பணியாளர் இல்லாத பின்வாயில்கள் எத்தனை, அருகில் பள்ளி உண்டா என்பவற்றைப் பொறுத்து அது மாறும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே எண்களை அணுக வேண்டும்.

இந்தக் குறைகளைச் சொல்லிவிட்டு, சேவையின் மெய்யான பலத்துக்கு வருகிறேன். 2010 முதல் எம்.டி.ஏ. ஒவ்வொரு வாரமும் சுழல்வாயில் தரவை வெளியிட்டு வந்தது. பயணிகள் நுழையும் ஒவ்வொரு சுழல்வாயிலிலும் உள்ள எண்ணி, அதாவது எண்ணும் கருவி, வாகனத்தின் தூர அளவியைப் போல ஓடிக்கொண்டே இருக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் அப்போதைய நிலை பதிவாகும். முந்தைய பதிவை அடுத்ததிலிருந்து கழித்துத்தான் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று அறிய முடியும். சில எண்ணிகள் திடீரென்று சுழியத்துக்குத் திரும்பும், சில பின்னோக்கி ஓடும். பதிவு நேரங்களும் எல்லா நிலையங்களிலும் ஒன்றாக இராது. பெயர்க் குழப்பம் தனிக்கதை. மன்ஹாட்டனில் 23ஆவது தெருவில் மட்டும் வெவ்வேறு அவென்யூக்களில் ஐந்து நிலையங்கள் இருக்கின்றன. வழித்தடத்தையும் சேர்த்துப் பாராமல் பெயரை மட்டும் வைத்துக் கூட்டினால் ஐந்தும் ஒன்றாகிவிடும். பொறுமையும் நிரல் எழுதும் திறமையும் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்தத் தரவு வசப்பட்டது.

எம்.டி.ஏ. திறந்த தரவுச் சட்டம் 2021இல் கையெழுத்தான பிறகு நிலைமை பெரிதும் மேம்பட்டது. இப்போது நியூயார்க் மாநிலத்தின் திறந்த தரவுத் தளத்தில், ஒவ்வொரு நிலையத் தொகுதியிலும் ஒவ்வொரு மணி நேரத்திலும் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்பது கழித்தல் வேலை ஏதுமின்றி நேராகவே கிடைக்கிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் தனி அடையாள எண் இருப்பதால் 23ஆவது தெருச் சிக்கல் ஒழிந்தது. நிலையம் அமைந்த நகரப் பிரிவு (குயின்ஸ், மன்ஹாட்டன் போன்றது), அட்சரேகை, தீர்க்கரேகை, கட்டணம் செலுத்திய முறை, கட்டண வகை ஆகியவையும் உடன் வருகின்றன. நேரம் மணிக்குக் கீழ்நோக்கி முழுமையாக்கப்படுகிறது, 1.37க்கு நுழைந்தவர் 1 மணிக் கணக்கில் இருப்பார்.

நுழைவு மட்டுமே எண்ணப்படுகிறது என்ற குறை, இந்த மணிவாரித் தரவில் ஒரு நன்மையாகவே மாறிவிடுவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. குடியிருப்புப் பகுதி நிலையம் காலையில் உச்சத்தைத் தொடும். அலுவலகப் பகுதி நிலையம் மாலையில் தொடும். வால் ஸ்ட்ரீட் நிலையத்தின் ஒரு வேலைநாள் வரைபடத்தைப் பார்த்தால், காலையில் அங்கே வந்து குவியும் கூட்டம் தடயமே இல்லாமல் இருந்துவிட்டு, மாலையில் வீடு திரும்பும்போது திடீரென்று எழுந்து நிற்கும். குயின்ஸின் மெட்ஸ்–வில்லெட்ஸ் பாயின்ட் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. பேஸ்பால் ஆட்டம் நடக்கும் இரவில், ஆட்டத்தைக் காண வருகிறவர்கள் தரவில் தெரிய மாட்டார்கள். ஆட்டம் முடிந்து அரங்கைவிட்டு வெளியே வந்து ரயிலேறும் அந்த ஓரிரு மணி நேரத்தில்தான் கோடு செங்குத்தாக ஏறும். ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் யு.எஸ். ஓப்பன் டென்னிஸ் போட்டிகள் அதே இடத்தில் வேறொரு வடிவத்தைக் காட்டும். ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த நிலையம் நடுத்தரமான ஒன்றாகவே தோன்றும். ஆனால் நடைமேடையை எவ்வளவு அகலமாக அமைப்பது, எத்தனை வாயில்களைத் திறந்து வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவருக்குத் தேவைப்படுவது அந்த ஓரிரு மணி நேரத்தின் எண்ணே அல்லவா?

இந்தத் தரவில் புதிதாக நுழைபவர்கள் தவறாமல் விழும் ஒரு குழி உண்டு. பயணிகள் எண்ணிக்கை, மாறுதல்கள் என இரண்டு நெடுவரிசைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. மாறுதல்கள் என்பது பேருந்திலிருந்தோ, வெளியே நடந்து சென்று மாற அனுமதிக்கப்பட்ட வேறொரு நிலையத்திலிருந்தோ இலவசமாக உள்ளே வந்தவர்களைக் குறிக்கிறது. அவர்கள் ஏற்கெனவே முதல் நெடுவரிசையில் அடக்கம். இரண்டையும் கூட்டினால் அவர்கள் இருமுறை எண்ணப்படுவார்கள். அதிலும் 7 வழித்தடத்தின் இறுதியில், பல திசைகளிலிருந்தும் பேருந்துகள் வந்து சேரும் ஃபிளஷிங்–மெயின் ஸ்ட்ரீட் போன்ற நிலையத்தில் இந்தப் பிழை பெரிதாகிவிடும். சரியாகப் பயன்படுத்தினால் அதே நெடுவரிசை, நடந்து வருவோரை நம்பும் நிலையம் எது, பேருந்தை நம்பும் நிலையம் எது என்று பிரித்துக் காட்டும்.

கட்டண வகையும் அப்படித்தான். மாணவர், முதியோர் மற்றும் மாற்றுத்திறனாளர், குறைந்த வருவாய் உடையோருக்கான அரைக் கட்டணம் என்று பயணிகள் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரே அளவு எண்ணிக்கையுள்ள இரு நிலையங்கள் எவ்வளவு வேறுபட்ட மக்களுக்குப் பயன்படுகின்றன என்பது கண்முன் வருகிறது. ஆனால் அட்டை வகையைக் காலத்தோடு ஒப்பிடுவதில் கவனம் வேண்டும். 2019இல் தொடங்கிய ஆம்னி என்னும் தொடுமுறைக் கட்டணம் படிப்படியாக மெட்ரோகார்டின் இடத்தைப் பிடித்தது. 2025 முடிவோடு மெட்ரோகார்டு விற்பனையும் நின்றது. ஒரு நிலையத்தில் மெட்ரோகார்டுப் பயணிகள் குறைந்தார்கள் என்றால் அட்டை மாறியது என்று மட்டுமே பொருளாக இருக்கலாம்.

நிலையங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதைவிட, ஒரு நிலையத்தை அதன் சொந்தக் கடந்த காலத்தோடும் அண்டை நிலையங்களோடும் ஒப்பிடுவதே பலன் தருகிறது என்பது நான் இதில் கண்ட முடிவு. 2019இல் சுமார் 170 கோடியாக இருந்த மொத்தப் பயணங்கள் 2020இல் சுமார் 64 கோடியாகச் சரிந்து, 2023இல் 115 கோடியளவுக்கு மீண்டன. இந்தச் சரிவு எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கக்கூடியவர்கள் இறங்கும் மன்ஹாட்டன் அலுவலகப் பகுதிகள் மிகுதியாகக் காலியாயின. மருத்துவமனைக்கும் கடைக்கும் சமையலறைக்கும் நேரில் போயே தீர வேண்டியவர்கள் வாழும் குயின்ஸ், பிராங்க்ஸ், புரூக்ளின் பகுதிகளின் நிலையங்கள் தாங்கி நின்றன. தரவரிசையை மட்டும் பார்த்தவர்களுக்கு ஃபிளஷிங் திடீரென்று வளர்ந்துவிட்டதுபோலத் தோன்றியது. அது வளரவில்லை, மற்றவற்றைவிடக் குறைவாகத் தேய்ந்தது. தன்னுடைய 2019ஆம் ஆண்டு எண்ணில் எத்தனை விழுக்காடு மிஞ்சியது என்று நிலையந்தோறும் கணக்கிட்டபோதுதான் இது புலப்பட்டது.

அண்டை நிலையத்தைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 86ஆவது தெருவைச் சொல்லலாம். 2017 ஜனவரி 1 அன்று இரண்டாம் அவென்யூ வழித்தடம் திறக்கப்பட்டதும், லெக்சிங்டன் அவென்யூவில் இருந்த பழைய 86ஆவது தெரு நிலையத்தின் எண்ணிக்கை இறங்கியது. அதைத் தனியே பார்ப்பவர் அந்த வட்டாரத்தில் பயணம் குறைந்துவிட்டதென்று எழுதக்கூடும். உண்மையில் அதே மக்கள் கிழக்கே சில நிமிட நடையில் இன்னொரு வாயிலைப் பெற்றிருந்தார்கள்.

வெளியேறுவோர் பற்றிய குறையை ஈடுசெய்ய, புறப்பாடு–சேரிடம் பற்றிய மதிப்பீட்டுத் தொகுப்பு ஒன்றையும் எம்.டி.ஏ. தருகிறது. ஒருவர் அடுத்த முறை எங்கே அட்டையைத் தொடுகிறார் என்பதை வைத்து முந்தைய பயணம் எங்கே முடிந்திருக்கும் என்று ஊகிக்கும் முறை அது. மதிப்பீடு என்பதால் எண்கள் பின்னங்களாக வரும். காலையில் வால் ஸ்ட்ரீட்டில் இறங்குவோரைக் காண விரும்புகிறவர்களுக்கு இதுவே வழி.

பிற நகரங்களின் சேவைகளோடு இதை ஒப்பிடும்போது அளவுகோல் மாறுவதைக் கவனிக்க வேண்டும். லண்டனில் தொலைவுக்கேற்பக் கட்டணம் மாறுவதால் பயணி வெளியேறும்போதும் அட்டையைத் தொடுகிறார். ஆகவே அங்கே ஆண்டுப் பட்டியல் நுழைவையும் வெளியேற்றத்தையும் சேர்த்தே சொல்கிறது. 2019இல் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பேங்க்ரஸ் நிலையத்துக்குச் சொல்லப்பட்ட 8.8 கோடியை டைம்ஸ் ஸ்கொயரின் 6.5 கோடியோடு நேராக வைத்து லண்டன் நிலையமே பெரிது என்பது தவறு. பாதியாக்கிய பிறகே அருகில் வைக்க வேண்டும். பாரிஸ் நகர ஆணையம் நியூயார்க்கைப் போல நுழைவோரை மட்டும் எண்ணுகிறது, உள்ளே மாறுவோரை விட்டுவிடுகிறது. டோக்கியோவில் டோக்கியோ மெட்ரோ ஏறுவோரையும் இறங்குவோரையும் சேர்த்து நாள் சராசரி தருகிறது. அதே நகரில் ஜே.ஆர். ஈஸ்ட் நிறுவனமோ ஏறுவோரை மட்டும் தருகிறது. அங்குள்ள ஷின்ஜுகு நிலையத்துக்குச் சொல்லப்படும் பேரெண் பல நிறுவனங்களின் எண்களைக் கூட்டி வந்தது. லண்டனின் தரவு இறங்குவோரை மெய்யாகவே எண்ணுவதால் அந்த ஒன்றில் நியூயார்க்கை விஞ்சுகிறது. மணிவாரி நுணுக்கம், கட்டண வகை, இலவச அணுக்கம் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் தருவதில் நியூயார்க்கையே முன்னால் வைப்பேன்.

பயன்படுத்த விரும்புகிறவர்களுக்கு நடைமுறை எச்சரிக்கை ஒன்று. முழுத் தொகுப்பு பல கோடி வரிசைகள் கொண்டது. எக்செல் தாளோ 10,48,576 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. தளத்திலேயே நிலையத்தையும் தேதிகளையும் வடிகட்டி, தேவையானதை மட்டும் இறக்கிக்கொள்வது நல்லது. நெடுவரிசைகளின் விளக்கக் குறிப்பையும் கட்டாயம் படிக்க வேண்டும். மாறுதல்கள் பற்றி மேலே சொன்னது அந்தக் குறிப்பிலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வளவு தரும் சேவையிடம் இன்னும் ஒன்றே ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. ஆண்டுப் பட்டியலில் ஒவ்வொரு நிலையத்துக்கும் எதிரே, உள்ளேயே வண்டி மாறுவோரின் மதிப்பிட்ட எண்ணையும் ஒரு நெடுவரிசையாகச் சேர்க்க வேண்டும். பெரும்பாலோர் அந்தப் பட்டியலைத் தாண்டி வேறெதையும் திறப்பதில்லை. குளிர்காலத்தில் விரிகுடாக் காற்றில் பிராட் சேனல் நடைமேடையில் அடுத்த வண்டிக்காக நிற்பவர்களுக்கு, அந்த நெடுவரிசை வரும்வரை பட்டியலில் இடமில்லை.