சம்பள வேலையா, பிரீலான்ஸா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் டிசைன், வீடியோ எடிட்டிங் என்று வேலை தேடினால் முதலாளி கேட்பது இதுதான்: “சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி), ஈபிஎப் (ஊழியர் சேமநிதி) பிடிக்காமல் முழுக் காசாக வேண்டுமா?” அதாவது, பதிவு செய்த தொழிலாளியாகவா, வேலைக்கு வேலை கூலி வாங்கும் பிரீலான்ஸராகவா?

கையில் வரும் பணம்: பிரீலான்ஸில் கூடுதல். அதில் சந்தேகமில்லை.

வேலை போனால்: தொழிலாளியாகப் பதிவானவருக்கு 2018-இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டம் உண்டு. தொழிலாளி 0.2%, முதலாளி 0.2% சந்தா. தகுதி இருந்தால் முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் (சந்தா கணக்கிடும் சம்பளம்) 80%, அடுத்த மாதம் 50%, அப்புறம் இன்னும் குறையும். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாகவே ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. பிரீலான்ஸருக்கு இது இல்லவே இல்லை. சுயதொழில் சொக்சோ எடுத்தாலும் அது வேலையில் நேரும் விபத்துக்குத்தான்.

சம்பளமோ கூலியோ பாக்கி நின்றால்: தொழிலாளி தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். பிரீலான்ஸர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்கு போடலாம். 5,000 ரிங்கிட் வரைதான், வக்கீல் வேண்டாம். வாட்ஸ்அப் செய்திகள்தான் ஆதாரம், அழித்துவிடாதீர்கள்.

“நீ பிரீலான்ஸ்தானே” என்று முதலாளி சொன்னால் மட்டும் போதாது. 2023 முதல் வேலைச் சட்டத்தின் 101சி பிரிவு இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல், உங்கள் நேரத்தை அவர் கட்டுப்படுத்தினாலோ கணினியை அவர் கொடுத்தாலோ, மறுத்து நிரூபிக்கும்வரை உங்களைத் தொழிலாளி என்றே சட்டம் கருதும்.

ஒரே கடைக்கு முழுநேரம் உழைப்பவர் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நாலைந்து வாடிக்கையாளர் இருந்தால் பிரீலான்ஸ் சரி. பாதி முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.