மூன்று ரிமோட்டுக்குப் பதில் ஒன்று: வன்னி வீட்டுக்கு எது பொருந்தும்?

எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று ரிமோட் கிடந்தன. ரீவிக்கு ஒன்று, டிஷ் பெட்டிக்கு ஒன்று, சவுண்ட் பாருக்கு ஒன்று. பகலில் வீட்டில் இருப்பது அம்மம்மா மட்டும். அவர் ரீவியைப் போடுவார், நீலத்திரை வரும். பெட்டியைப் போடுவார், படம் வரும், சத்தம் வராது. உடனே எனக்குப் போன் அடிப்பார். "தம்பி, பெட்டி கதைக்குதில்லை." நான் வேலை செய்வது கிளிநொச்சியில், வீடு விசுவமடுவில். போனிலேயே "மற்ற ரிமோட்டை எடுங்கோ, மேல இருக்கிற சிவப்பை அமத்துங்கோ" என்று சொல்லிச் சரிப்படுத்துவேன். அடுத்த நாளும் அதே கதைதான்.

இதற்கு ஒரு வழி காண வேண்டும் என்று, கடையில் கிடைத்ததையும் வெளிநாட்டிலிருந்து வந்ததையும் ஒவ்வொன்றாக வீட்டில் வைத்துப் பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வீடுகளுக்குப் பொருந்துவது, பழைய ரிமோட்டிடம் பாடம் கேட்டுக்கொள்ளும் 'கற்கும் ரிமோட்'. மற்றவை மோசம் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான வீட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கரண்ட் போகாத, இணையம் அறாத, ரிமோட்டைப் பிடிக்கிற ஆளுக்குக் கண் நன்றாகத் தெரிகிற வீடு என்றால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

வாங்கப் போகுமுன் ஒரு சோதனை

காசு கொடுக்க முதல், வீட்டிலுள்ள ஒவ்வொரு ரிமோட்டும் எந்த வகை என்று பாருங்கள். போனின் கமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேரே பிடித்துப் பட்டனை அமத்துங்கள். முன்பக்கக் கமரா நல்லது, பல போன்களின் பின்கமராவில் அகச்சிவப்புக் கதிரை மறைக்கும் வடிகட்டி இருக்கும். ஊதா அல்லது வெள்ளை நிறத்தில் ஒரு புள்ளி மினுங்கினால் அது அகச்சிவப்பு ரிமோட். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி, பெரும்பாலான கருவிகளில் வினாடிக்கு ஏறத்தாழ 38,000 தடவை விட்டு விட்டு எரிகிறது. அந்த மினுக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் 'சத்தம் கூட்டு', 'அடுத்த சனல்' என்ற கட்டளைகளை அனுப்புகிறார்கள்.

புள்ளி தெரியவில்லை, ஆனாலும் கருவி வேலை செய்கிறது என்றால் அது பெரும்பாலும் புளூடூத். இணையத்திலிருந்து படம் காட்ட ரீவியின் பின்னால் செருகுகிற ஸ்டிக்குகளின் ரிமோட் பெரும்பாலும் இப்படித்தான். அவற்றில் பலவற்றில் ரீவியைப் போடும் பட்டனுக்கும் சத்தப் பட்டனுக்கும் மட்டும் அகச்சிவப்பு மினுங்கும், மற்றப் பட்டன்களுக்கு மினுங்காது. சாதாரண பொது ரிமோட் எதுவும் புளூடூத்தோடு கதைக்காது, கற்கும் ரிமோட்டாலும் அதைக் கற்க முடியாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ரிமோட் வாங்கிவிட்டு, பிறகு கடைக்காரரோடு சண்டை பிடிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். பாவம், பிழை கடைக்காரருடையது இல்லை.

காசே செலவில்லாத வழி

கடைக்குப் போகுமுன் இதையும் பாருங்கள். ரீவிக்கும் மற்றக் கருவிக்கும் இடையே எச்டிஎம்ஐ வயர் ஓடுகிறதென்றால், அந்த வயருக்குள்ளேயே கட்டளை போக ஒரு கம்பி இருக்கிறது. அந்த வசதிக்குப் பொதுப் பெயர் சிஇசி. ஒவ்வொரு கொம்பனியும் தன் பெயரை வைத்திருப்பதால்தான் அது பலர் கண்ணில் படுவதில்லை. சம்சுங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்பிளிங்க், சோனியில் பிராவியா சிங்க். செற்றிங்கில் தேடி அதை இயக்கிவிட்டால் ரீவியைப் போடும்போது சவுண்ட் பாரும் எழும்பும், ரீவி ரிமோட்டின் சத்தப் பட்டனே சவுண்ட் பாரின் சத்தத்தைக் கூட்டும். புளூடூத் ஸ்டிக்கைக்கூட ரீவி ரிமோட்டின் அம்புக்குறிகளால் நகர்த்தலாம்.

எங்கள் வீட்டில் இது பாதிவழிதான் வந்தது. சவுண்ட் பார் சொல் கேட்டது. டிஷ் பெட்டி கேட்கவில்லை, அது இன்னமும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற மூன்று வயரில் ஓடுகிறது. அந்த வயரில் படமும் சத்தமும் போகும், கட்டளை போகாது. உங்கள் வீட்டில் எல்லாம் எச்டிஎம்ஐ என்றால் இதற்குமேல் வாசிக்கத் தேவையில்லை, செற்றிங்கைத் திறந்து பாருங்கள்.

கோட் போடும் ரிமோட்டும் கற்கும் ரிமோட்டும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையேதான். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், கிளிநொச்சிச் சந்தைப் பக்கத்துக் கடைகளில் ஒரே கம்பியில் தொங்கும். வாங்கும்போது கேட்டே வாங்க வேண்டும்.

கோட் ரிமோட்டுக்குள் கொம்பனிகளின் கட்டளைகள் முன்கூட்டியே அடைக்கப்பட்டிருக்கும். கூட வருகிற தாளில் உங்கள் ரீவியின் பெயருக்கு நேரே உள்ள இலக்கத்தைப் பார்த்து, செற் பட்டனை அமத்திக்கொண்டு அதை அடிக்க வேண்டும். இலக்கம் பொருந்தாவிட்டால் 'தானே தேடு' என்று விட்டுவிடலாம். ரீவி அணையும் கணத்தில் பட்டனை விட வேண்டும், ஒரு நொடி பிந்தினால் மறுபடி முதலிலிருந்து. இதன் பெரிய பலம், பழைய ரிமோட் உங்களிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பது. பிள்ளைகள் கிணற்றுக்குள் போட்டுவிட்டார்களா, இடப்பெயர்வில் ரீவி மட்டும் மிஞ்சி ரிமோட் தொலைந்ததா, அப்படியான வீட்டுக்கு இதை விட்டால் வேறு வழி குறைவு. பெயர்பெற்ற கொம்பனி ரீவி என்றால் பத்து நிமிடத்தில் காரியம் முடியும்.

குறை என்னவென்றால், தாளில் இல்லாத கருவி அதற்குத் தெரியாது. அதிகம் கேள்விப்படாத பெயரில் வருகிற மலிவு எல்இடி ரீவிகள் தாளில் இருப்பதில்லை. எங்கள் டிஷ் பெட்டியும் இல்லை. தேடவிட்டபோது பெட்டி அணைந்தது, எழும்பியது, ஆனால் சனல் பட்டன் சத்தத்தைக் குறைத்தது. பாதி பொருந்திய கோட் இப்படித்தான் நடக்கும்.

எங்கள் வீட்டில் கோட் ரிமோட் தோற்றதற்கு இன்னொரு காரணம் உண்டு, அது வன்னிக்கே உரியது. தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், வன்னிக்குள் பட்டரி தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிள் சில்லைச் சுற்றி டைனமோ கரண்டில் ரேடியோ கேட்ட காலம் அது. ஓய்ந்த பட்டரியை வெயிலில் காயவைத்து, இன்னும் இரண்டு நாள் ஓடாதா என்று பார்ப்பார்கள். அம்மம்மாவின் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. இரவு செய்தி முடிந்ததும் ரிமோட்டின் பட்டரியைக் கழற்றி அலுமாரியில் வைப்பார், கொஞ்சம் மங்கினால் காலையில் மதிலில் காயும். மலிவான கோட் ரிமோட் சிலவற்றில் பட்டரி கழன்ற சிறிது நேரத்தில் போட்ட கோட் அழிந்துபோகும். காலையில் ரிமோட் எல்லாவற்றையும் மறந்துபோய் இருக்கும், எனக்குப் போன் வரும். பட்டரியைக் கழற்றாதீர்கள் என்று அம்மம்மாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டரியைச் சேமிக்கத் தெரிந்ததால் ஒரு குடும்பத்தையே இருட்டில் நடத்தியவர் அவர். ரிமோட்டைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

கற்கும் ரிமோட்டில் தாளும் இல்லை, இலக்கமும் இல்லை. பழைய ரிமோட்டையும் புதியதையும் மேசையில் மூக்கோடு மூக்கு வைத்து, நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள். புதியதில் கற்கும் பட்டனை அமத்தி, எந்தப் பட்டனுக்குக் கற்பிக்க வேண்டுமோ அதைத் தொட்டு, பழையதில் அதற்குரிய பட்டனை அமத்தினால் சின்ன லைற் மினுங்கி ஏற்றுக்கொள்ளும். கருவி எந்த நாட்டில் செய்தது, என்ன பெயர் என்பதெல்லாம் இதற்குத் தேவையில்லை, கண்ட மினுக்கத்தை அப்படியே திருப்பிச் சொல்லும். நான் வாங்கியது பட்டரி இல்லாவிட்டாலும் கற்றதை மறக்காத ரகம். கடையிலேயே ஒரு பட்டனைக் கற்பித்து, பட்டரியைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். நீங்களும் அப்படியே கேளுங்கள், நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, கலந்து வைக்கலாம் என்பதுதான். பெரிய பட்டன் ஏழெட்டு மட்டும் உள்ள ஒரு ரகம் இருக்கிறது. அதில் மேல் பட்டன் இரண்டில் ஒன்று ரீவியையும் மற்றது பெட்டியையும் போடும், சத்தம் சவுண்ட் பாரைக் கூட்டும், சனல் பெட்டியை மாற்றும். ரிமோட் ஒன்று, கதைப்பது மூன்று கருவியோடு. இலக்கப் பட்டன் கிடையாது, மெனுவும் கிடையாது. வழி தவறிப் போய் எதையும் குழப்ப அதில் இடமில்லை. அம்மம்மா இரண்டாம் நாளே தானாகச் சனல் மாற்றினார்.

கற்பிக்கும்போது இரண்டு விடயம் கவனியுங்கள். வெயில் படும் இடத்திலும், சுருள் பல்ப்புக்குக் கீழேயும் கற்பிக்க வேண்டாம். அந்த வெளிச்சத்திலும் அகச்சிவப்பு கலந்திருப்பதால் ரிமோட் பிழையாகக் கற்கும். மற்றது, சில கருவிகளில், குறிப்பாகப் பிலிப்ஸ் கொம்பனி வகுத்த ஆர்சி-5 முறையில் ஓடுபவற்றில், ஒவ்வொரு அமத்தலுக்கும் ஓர் அடையாளம் மாறி மாறிப் போகும். பட்டனைத் தொடர்ந்து பிடித்திருக்கிறீர்களா, விட்டு மறுபடி அமத்தினீர்களா என்று கருவி அறிவது அதை வைத்துத்தான். கற்கும் ரிமோட் பலவற்றில் அந்த அடையாளம் உறைந்துவிடும். 11ஆம் சனலுக்குப் போக ஒன்றை இரண்டு தடவை அமத்தினால் ஒரு தடவையாகவே எடுத்துக்கொள்ளும். ரிமோட் பழுது என்று எறிந்துவிடாதீர்கள், சனல் ஏற்றி இறக்கும் பட்டனால் போங்கள், அல்லது இடையில் வேறொரு பட்டனை அமத்துங்கள்.

இதன் ஒரே பெரிய பலவீனம், கற்பிக்க ஆசிரியர் உயிரோடு இருக்க வேண்டும் என்பது. பழைய ரிமோட் செத்த பிறகு இதை வாங்கிப் பயனில்லை.

போனும் வைஃபை பெட்டியும்

சியோமியின் ரெட்மி, போக்கோ போன்கள் பலவற்றின் மேல்விளிம்பில் சின்னக் கறுப்புப் புள்ளி ஒன்று இருக்கும். அது அகச்சிவப்பு விளக்கு, செயலியில் கருவியைத் தேர்ந்தால் போனே ரிமோட். சம்சுங்கின் விலைகூடிய கலக்ஸி எஸ் போன்களில் 2015இல் வந்த எஸ்6 வரிசையோடு அது நின்றுவிட்டது, ஐபோனில் ஒருபோதும் இருந்ததில்லை. அவசரத்துக்கு இது அருமையான வசதி. ரிமோட் காணாமல் போன இரவில் பக்கத்து வீட்டுத் தம்பியைப் போனோடு கூப்பிட்டு வேலை முடித்திருக்கிறோம். ஆனால் போனின் சொந்தக்காரர் வெளியே போனால் ரிமோட்டும் போய்விடும். ஒரு கருவியை முதன்முதலில் சேர்க்கப் பெரும்பாலும் டேட்டா வேண்டும், எங்கள் வளவில் சிக்னல் வேப்பமரத்தடியில்தான் நிற்கும்.

புரோட்லிங்க் போன்ற வைஃபை பெட்டிகள் இன்னொரு படி மேல். சுவரில் வைத்தால் நாலாபக்கமும் அகச்சிவப்பைத் தெளிக்கும், கட்டளை போனிலிருந்து ரவுட்டர் வழியாக வரும். கிளிநொச்சியிலிருந்தே விசுவமடு ரீவியைப் போட்டுக்கொடுக்கலாம் என்று நினைத்தபோது எனக்கு ஆசை வந்தது உண்மை. செய்தும் பார்த்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வரும்போது ரவுட்டர் எழும்ப ஒரு நேரம், பெட்டி அதைத் தேடிப் பிடிக்க இன்னொரு நேரம், இடையில் டேட்டா முடிந்திருந்தால் தூரத்திலிருந்து எதுவும் செய்ய முடியாது. கரண்ட் வந்ததும் ரீவி பார்க்கலாம் என்று காத்திருக்கிற ஒருவருக்கு இத்தனை சங்கிலி கூடாது. நிலையான இணையமும் யூபிஎஸ்ஸும் உள்ள வவுனியா நகர வீட்டுக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற உறவுகள் லொஜிடெக் ஹார்மனி கொண்டுவந்து தருவதுண்டு. 'படம் பார்' என்று ஒரு பட்டனை அமத்தினால் மூன்று கருவியும் ஒழுங்காக எழும்பும், இந்த வேலையை இவ்வளவு அழகாகச் செய்த ரிமோட் குறைவு. 2021இல் அந்த வரிசையின் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். கருவிகளைச் சேர்க்க இணையக் கணக்கு வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் வைத்திருங்கள், புதிதாக ஒருவரைக் கேட்டு எடுப்பிக்க வேண்டாம்.

ஒரே ஒரு ரீவி மட்டும் உள்ள வீட்டுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். ரீவியின் மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு போனால் அதே வடிவ மாற்று ரிமோட் கிடைக்கும், பட்டரி போட்டவுடனே வேலை செய்யும்.

வாங்கிய பிறகு

ரிமோட் வேலை செய்யவில்லை என்று வருகிற முறைப்பாட்டில் பாதி ரிமோட்டின் பிழை அல்ல. பின்னேர வெயில் யன்னலால் வந்து ரீவியின் கண்ணில் நேரே அடித்தால் எந்த ரிமோட்டும் தடுமாறும், ஒரு திரைச்சீலை போதும். கிரவல் றோட்டுக் கரையில் வீடு என்றால் பட்டனுக்குள் செம்மண் தூசி இறங்கும், மாரியில் அதுவே ஈரத்தோடு சேர்ந்து இறுகும். மெல்லிய பொலித்தீன் உறை போட்டு, ஒளி வருகிற முனையை மட்டும் திறந்து விடுங்கள். ஓய்ந்த பட்டரியை உள்ளே விட்டால் கசிந்து உள்ளே இருக்கிற உலோகத் தகடை அரிக்கும். அந்த விடயத்தில் அம்மம்மாவின் பழக்கம் ரிமோட்டுக்கு நல்லதுதான்.

கற்பித்து முடிந்ததும் பழைய மூன்று ரிமோட்டையும் பட்டரி கழற்றி, ஒரு பிஸ்கட் பேணியில் போட்டு, எது எந்தக் கருவிக்கு என்று தாள் ஒட்டி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். புதியது விழுந்து உடைந்தால் அடுத்ததற்குப் பாடம் சொல்ல அவைதான் வேண்டும்.