தோட்டத்து ஆய்வை எந்த மொழியில் எழுதுவது?

இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியா போனவர்கள், போகாமல் தங்கியவர்கள் பற்றிய என் முதுகலை ஆய்வேட்டைத் தமிழில் எழுதினேன். பிறகு அதிலிருந்து ஒரு கட்டுரையை ஆங்கிலத்தில் வெளியிட்டேன். மலையகத்தை, அதாவது இலங்கையின் மலைநாட்டுத் தோட்டப் பகுதியை, ஆராய்பவர் முதலில் தமிழில் எழுதுவதே மேல் என்பது என் கட்சி.

ஆங்கிலத்தின் இலாபங்கள் தெரிந்தவைதாம். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் பட்டியலில் உள்ள இதழ்களில் பெரும்பாலானவை ஆங்கிலம்; பதவி உயர்வும் புலமைப்பரிசிலும் அந்த வழியாகத்தான் வருகின்றன. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப்படுவது வேறு: பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பக்கத்து அறையில் இருக்கும் சிங்கள ஆய்வாளரால் என் தமிழ் ஏட்டை வாசிக்க முடியாது. அந்த இழப்பைச் சிறிதென்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும், எழுதியதை யார் திருத்துகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரையை முகம் தெரியாத இருவர் மதிப்பிட்டார்கள். கோட்பாட்டுப் பகுதியை விரிக்கச் சொன்னார்கள், நியாயமான ஆலோசனைதான். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள் என்ற கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். தமிழ் வரைவைப் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாசிக்கக் கொடுத்தபோது அந்தக் கணக்கிலேயே கை வைத்தார்கள். "குடும்பத் தலைவர் விண்ணப்பித்தார் என்கிறீர்கள் தம்பி, எங்கள் அம்மாவிடம் யார் கேட்டார்கள்?" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். போவதா தங்குவதா என்று லயத்துக்குள், அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டுக்குள், நடந்த சண்டை எந்தக் கோப்பிலும் இல்லை. இன்னொரு முதியவர், சேமலாப நிதி (தொழிலாளரின் ஓய்வுக்கால வைப்புப் பணம்) கைக்கு வந்த தேதியையும், இந்தியா போகும் கப்பலுக்காகத் தலைமன்னாருக்கு ஒப்பாரிக் கோச்சி (உறவுகள் அழுது வழியனுப்பிய ரயில்) ஏறிய தேதியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு கேள்விகளிலிருந்தும் ஒரு புதிய இயல் பிறந்தது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தால் அந்த இருவரும் என் வாசகர்களாகவே இருந்திருக்க மாட்டார்கள். (தமிழில் எழுதிப் பல்கலைக்கழக அலமாரியில் பூட்டி வைத்தாலும் இதே கதிதான்.)

என் வேலை நேர்காணல் சார்ந்தது. கூலி, ஏற்றுமதி என்று எண்களை வைத்துச் செய்யும் பொருளியல் ஆய்வுக்கும் இது பொருந்துமா என்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. வெளிநாட்டில் முனைவர் பட்டம்தான் குறி என்றால் ஆங்கிலத்தைத் தள்ளிப்போடவும் முடியாது.

மற்றவர்கள் தமிழில் முடித்து, தோட்டத்தில் வாசிக்கக் கொடுத்துத் திருத்திய பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம். முழுக் கட்டுரைக்கு நேரமில்லாவிட்டால் ஆய்வுச் சுருக்கத்தையாவது ஆங்கிலத்திலும், ஆள் கிடைத்தால் சிங்களத்திலும் சேர்த்துவிடுங்கள்.